அட்டை இருக்கிறது, அறுவை மருத்துவர் எங்கே?

என் சித்தப்பாவுக்கு வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், நெல் மூட்டையைத் தூக்கினால் வெளியே வரும். இரண்டு வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. சித்தி கண்டுபிடித்து சத்தம் போட்ட பிறகுதான், ரேஷன் கார்டோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இங்கே உண்டு என்று வாசலிலேயே பெரிய பலகை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு கவுண்டரில் இருந்த பெண் சொன்னார்: "ஐயா, எங்களுக்கு எலும்புக்கு மட்டும்தான் காப்பீடு இருக்கு. இரணியாவுக்கு இல்ல. பண்றதா இருந்தா கேஷ்தான் கட்டணும்."

பலகையில் இருந்தது பொய்யில்லை. அது பாதியைத்தான் சொன்னது. மீதிப் பாதியை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

"காப்பீடு எடுத்துக்கிற டாக்டர் யாராவது இருக்காங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியே வழி தவறியது. தமிழ்நாட்டில் இந்தக் காப்பீட்டை டாக்டர் ஏற்பதில்லை, மருத்துவமனை ஏற்கிறது. அதிலும் மருத்துவமனை முழுவதற்கும் ஒரே அங்கீகாரம் கிடையாது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். எலும்பு, இதயம், சிறுநீரகம், பொது அறுவை என்று எந்தத் துறைக்கு வாங்கியிருக்கிறதோ அந்தத் துறைக்கு மட்டும்தான் அட்டை செல்லும். அந்தத் துறைக்குள்ளும் திட்டத்தின் பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்குத்தான் பணம் வரும். பட்டியலில் இருந்தாலும் சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டவை. தனியாரில் எவ்வளவு கைதேர்ந்த சர்ஜன் இருந்தாலும் அவற்றைத் திட்டத்தின் கீழ் செய்ய முடியாது. ஆகவே தேடலைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். முதலில் சிகிச்சையின் பெயர், அப்புறம் துறை, அப்புறம் மருத்துவமனை. மருத்துவர் கடைசியில்தான்.

அதற்கும் முன்னால் அட்டையைப் பற்றிக் கொஞ்சம். சித்தப்பா இன்றைக்கும் அதைக் 'கலைஞர் கார்டு' என்றுதான் சொல்வார். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில் புதுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அதோடு இணைந்து, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. இந்த 5 லட்சம் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து, தலைக்கு இல்லை. 2022 ஜனவரியில் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது, அவர்களும் பயனாளிகள்தான். கவுண்டரில் திட்டத்தின் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது அட்டையில் இருக்கும் எண்.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். அட்டை இருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அறுவை செய்துகொள்ளப் போகிறவரின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா? கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என்பதுதான் குடும்பம். அட்டை வாங்கிய காலத்தில் வீட்டில் இல்லாத மருமகளின் பெயர் அதில் இருக்காது. ரேஷன் கார்டில் 'முருகேசன்' என்றும் ஆதாரில் 'முருகேஷ்' என்றும் இருந்தால், அந்த எழுத்து வித்தியாசம் அறுவைக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து வழியை மறிக்கும்.

இனி சிகிச்சையின் பெயர். இதில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். "வயித்துல ஆபரேஷன் பண்ணணும்னாங்க" என்பதை வைத்துக்கொண்டு எந்தக் கவுண்டரிலும் பதில் வாங்க முடியாது. நோயைக் கண்டுபிடித்த மருத்துவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: என்ன நோய், வலது பக்கமா இடது பக்கமா, திறந்து செய்வதா லேப்ராஸ்கோபியா, உள்ளே வலை வைத்துத் தைக்க வேண்டுமா. நான்கு வரிதான். அந்தத் தாள் இருந்தால் பத்து போன்களில் ஐந்து மிச்சமாகும்.

ஏனென்றால் அந்தப் பெயர்தான் எந்தத் துறை என்பதைத் தீர்மானிக்கிறது. பெரியவர்களின் குடலிறக்கம் (இரணியா), பித்தப்பைக் கல், குடல்வால், மூலம், பௌத்திரம், தைராய்டு கட்டி, விரைவீக்கம், மார்பில் சாதாரணக் கட்டி, சர்க்கரை நோயால் வரும் கால் புண் இவையெல்லாம் பொது அறுவை மருத்துவர் பார்ப்பவை. ஆனால் அதே குடலிறக்கம் மூன்று வயதுக் குழந்தைக்கு என்றால் பெரிய ஊர்களில் அது குழந்தைகள் அறுவைத் துறைக்குப் போகும். பித்தப்பைக் கல்லும் சிறுநீரகக் கல்லும் பேச்சில் 'கல்லு'தான். காப்பீட்டில் இரண்டும் வேறு வேறு துறை, பின்னது சிறுநீரியல் (யூராலஜி). பித்தக் குழாய் வரை கல் இறங்கிவிட்டால் குடல் இரைப்பைத் துறையைத் தேட வேண்டிவரும். மார்புக் கட்டி புற்றுநோய் என்று தெரிந்தால் அது புற்றுநோய் அறுவைத் துறையில் இருக்கும். தவறான துறையின் கீழ் தேடிவிட்டு, "எங்க மாவட்டத்துல ஒருத்தரும் இல்ல" என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

துறை தெரிந்ததும் மருத்துவமனையைத் தேடலாம். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. மாவட்டத்தையும் சிகிச்சையையும் சொன்னால் எந்தெந்த மருத்துவமனை என்று சொல்வார்கள். திட்டத்தின் இணையதளத்திலும் பட்டியல் உண்டு. கைபேசியில் தேட வராதவர்கள் வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் பஸ் ஏறிவிடக் கூடாது. அங்கீகாரம் முடிந்து போயிருக்கலாம், நோயாளியிடம் பணம் வாங்கிய புகாரில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்த சர்ஜன் அங்கிருந்து போயிருக்கலாம். அதனால் மருத்துவமனைக்கே ஒரு போன் போட வேண்டும்.

எடுத்ததும் ரிசப்ஷனிடம் எதையும் கேட்காதீர்கள், "காப்பீட்டுப் பிரிவுக்குக் கொடுங்கம்மா" என்று சொல்லுங்கள். ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பலகை தெரியும், விவரம் தெரியாது. காப்பீட்டுப் பிரிவில் இருப்பவருக்கு எந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் வருகிறது, எதற்குத் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அத்துப்படி. சித்தப்பாவுக்காக இரண்டாம் முறை நான் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேடம், முதலமைச்சர் காப்பீட்டுல பொது அறுவைக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் இருக்கா?"

"இருக்குங்க சார். என்ன ஆபரேஷன்?"

"வலது பக்கம் குடலிறக்கம், வலை வச்சு. இது தனியார்ல பண்ணலாமா, கவர்மென்டுக்குன்னு ஒதுக்கினதா?"

"பேஷன்ட் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், பார்த்துச் சொல்றேன். சர்ஜன் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள்தான் வருவாரு."

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சிறிய ஊர் நர்சிங் ஹோம்களில் சர்ஜன் அங்கேயே இருப்பவர் அல்லர். வெளியிலிருந்து வருவார், அறுவையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தக் கசிவு என்றால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவர் பெயருக்குப் பின்னால் பொது அறுவையில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்பதையும் தேடிப் பார்க்கலாம். இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நம்மில் பலருக்கு ஒரு கூச்சம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், இங்கே ஒரு கேள்வி கேட்க முடியாதா?

அங்கீகாரமும் இருக்கிறது, சர்ஜனும் இருக்கிறார், ஆனாலும் "காப்பீட்டு பெட் இப்போ காலி இல்ல, அடுத்த மாசம் வாங்க" என்று பதில் வரும். இதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் தணியும். ஒவ்வொரு அறுவைக்கும் திட்டம் ஒரு மொத்தத் தொகையை நிர்ணயித்திருக்கிறது. கட்டில், மருந்து, மயக்க மருந்து, தியேட்டர், சர்ஜன் கட்டணம், சாப்பாடு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். இதைத்தான் 'பேக்கேஜ்' என்கிறார்கள். வெளியில் அதே அறுவைக்கு வாங்குவதைவிட இது குறைவு, கைக்கு வரவும் நாளாகும். அதனால் தனியார் மருத்துவமனைகள் கட்டில்களில் ஒரு பகுதியை மட்டும் இதற்கென்று வைத்துக்கொள்கின்றன. பொது அறுவைக்கான பேக்கேஜ்கள் இதயம், மூட்டு மாற்றம் போலப் பெரிய தொகை இல்லை. எலும்புக்கு அங்கீகாரம் வாங்கிய எங்கள் பக்கத்து ஊர் மருத்துவமனை இரணியாவை விட்டுவிட்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இவ்வளவு அலைச்சலையும் சொல்லிவிட்டு, பலர் கடைசியாகப் போகும் இடத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். அதுதான் முதலில் போக வேண்டிய இடம் என்பது என் எண்ணம். பொது அறுவையைப் பொறுத்தவரை அரசு மருத்துவமனைதான் நல்ல வழி. குடலிறக்கம், குடல்வால், பித்தப்பை, விரைவீக்கம் இவையெல்லாம் அங்கே அன்றாட வேலை. வாரத்துக்கு இரண்டு செய்கிற கையைவிட நாளுக்கு நான்கு செய்கிற கைக்குப் பழக்கம் அதிகம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகப் பார்க்கத் தடை இல்லை. அதனால் சாயங்காலம் கிளினிக்கில் நீங்கள் ஃபீஸ் கொடுத்துப் பார்க்கும் சர்ஜன் காலையில் பெரியாஸ்பத்திரியில் இருப்பவராகவே இருக்கக்கூடும். தூரமும் முன்போல் இல்லை. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சி, அரியலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், விருதுநகர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரி வந்தால் கூடவே ஒரு முழு அறுவைத் துறையும் வந்துவிடுகிறது.

அங்கே போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சூட்சுமம் 'யூனிட்'. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அறுவைத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீஃப், ஒரு புறநோயாளிக் கிழமை, ஒரு தியேட்டர் கிழமை. திங்கட்கிழமை ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்த்தவர் அடுத்த முறை வியாழக்கிழமை போனால், அங்கே வேறு டாக்டர்கள் இருப்பார்கள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முதல் நாளே சீட்டில் எந்த யூனிட் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் அந்தக் கிழமையிலேயே போனால் அலைச்சல் பாதியாகும். கூட்டமும் காத்திருப்பும் இருக்கத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. மயக்க மருந்து டாக்டரின் 'ஃபிட்னஸ்' வாங்குவதற்கே இரண்டு மூன்று நடை ஆகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இன்னும் கூடும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை எப்படியும் இலவசம்தானே, அட்டையை ஏன் கேட்கிறார்கள்? பலரும் கேட்கிற கேள்வி. அட்டை இல்லாவிட்டாலும் அங்கே அறுவை செய்வார்கள். இருந்தால், அதற்கான காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கு வரவு. அதிலிருந்து கருவிகளும் சாமான்களும் வாங்குகிறார்கள், ஒரு பங்கு அறுவையில் பணியாற்றியவர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. ஆகவே அட்டையை மறைத்து வைப்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

மருத்துவமனை முடிவானதும் ஒப்புதல், பேச்சு வழக்கில் 'அப்ரூவல்'. இதற்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருத்துவரின் குறிப்பு, நோயாளியின் புகைப்படம் எல்லாவற்றையும் கணினியில் அனுப்பும். மறுபக்கம் இருக்கும் மருத்துவர்கள் பார்த்துவிட்டு ஒப்புதல் தருவார்கள், அல்லது விளக்கம் கேட்பார்கள். விளக்கம் கேட்டால் மறுத்துவிட்டதாக அர்த்தமில்லை. ஸ்கேன் படம் தெளிவாக இல்லை என்பது போன்ற சின்னக் காரணமாக இருக்கும். "என்ன கேட்டிருக்காங்க?" என்று விசாரித்து, அதைக் கொடுத்தால் போதும். ஒப்புதல் வரும் முன்பே "நாளைக்குப் பண்ணிடலாம், அப்ரூவல் பின்னாடி வந்துடும்" என்று சொல்கிற தனியார் இடத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள். வராவிட்டால் பில் நம் தலையில் விழும். உயிருக்கு ஆபத்தான நேரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது மருத்துவமனை தொலைபேசியிலேயே தெரிவித்து அனுமதி வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

அந்த ஆபத்தான நேரம் எது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரணியா வீக்கம் வழக்கம்போல் உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால், அது குடல் நெரிபட்டிருப்பதன் அடையாளம். வலது அடிவயிற்றில் வலி கூடிக்கொண்டே போய்க் காய்ச்சலும் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அப்போது துறை, பட்டியல், அங்கீகாரம் எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அருகிலிருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பணம் கேட்டால் என்ன செய்வது? ஒப்புதல் ஆன சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனாலும் "வலை நல்ல கம்பெனியா போடணும்னா மேல கொஞ்சம் ஆகும்", "மயக்க டாக்டருக்குத் தனியா" என்று நைச்சியமாகக் கேட்கிற இடங்கள் உண்டு. கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதுமே பல கோரிக்கைகள் ஆவியாகிவிடும். ஆகாவிட்டால் அதே 1800 எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் குறைதீர் குழுவும் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம். ஒப்புதலுக்கு முன்னால் வெளியில் எடுத்த ஸ்கேன், பரிசோதனைகளின் பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் எது பேக்கேஜுக்குள் வரும் என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காப்பீடு இருக்கிறது என்பதற்காகவே அறுவைக்கு இழுக்கிற ஆட்களும் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம், ஒரு ஸ்கேன், "பித்தப்பையில கல்லு இருக்கு, அட்டை இருக்குதா, திங்கட்கிழமை வேன் வரும்." தற்செயலாகத் தெரியவந்து எந்தத் தொந்தரவும் தராத பித்தப்பைக் கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழ் வலி, வாந்தி, மஞ்சள் காமாலை என்று வந்தால்தான் கதை வேறு. தொந்தரவே இல்லாத சின்ன இரணியாவோடு இருக்கும் வயதானவரிடம் கூட, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். முகாமில் சொன்னதை வேறொரு சர்ஜனிடம் ஒரு தடவை காட்டிக்கொள்வதற்கு ஓர் ஓ.பி. சீட்டுதான் செலவு.

கடைசியாக, எல்லா அரசுக் காப்பீடும் ஒன்றல்ல. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளத்தில் கம்பெனி வேலை பார்ப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அவர் வழி வேறு. முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகம், பிறகு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, அங்கே வசதி இல்லாவிட்டால் அவர்களே பரிந்துரைக் கடிதம் கொடுத்து, ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கடிதம் இல்லாமல் நேராகப் போனால், அவசர நேரம் தவிர, பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனித் திட்டம், தனி மருத்துவமனைப் பட்டியல். "கவர்மென்ட் இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் மறுமுனையில் இருப்பவர் எதை நினைத்துக்கொண்டு "ஆமாம்" என்றார் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரியும்.

சித்தப்பா வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிய தனியார் இடத்தில் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஆறு வாரத்துக்குள் மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், செவ்வாய்க்கிழமை யூனிட்டில், நான்கு நடைக்குப் பிறகு அறுவை முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெல் மூட்டைப் பக்கம் போகாமல் இருந்தாரே தவிர, சித்தி கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். அதற்கு வாங்கிய திட்டு தெருமுனை வரை கேட்டது.